கார்பன் நானோதுகள்கள்: உடலுக்குள் படமெடுக்கவும் மருந்து சுமக்கவும்

கார்பன் நானோதுகள்கள் என்பவை முழுவதுமாகவோ பெரும்பகுதியாகவோ கார்பன் அணுக்களால் ஆன மிகச் சிறிய துகள்கள். பொதுவான வரையறைப்படி நீளம், அகலம், தடிமன் ஆகியவற்றுள் ஒன்றாவது 1 முதல் 100 நானோமீட்டருக்குள் இருக்கும். ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறுகளாக்கினால் அதில் ஒரு கூறுதான் ஒரு நானோமீட்டர். மனிதத் தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 80,000 நானோமீட்டர். ஃபுல்லரீன், கார்பன் நானோகுழாய், கிராஃபீன், நானோ வைரம், கார்பன் புள்ளி ஆகியவை இக்குடும்பத்தில் அதிகம் பேசப்படுபவை.

மருத்துவத்தில் இவற்றிடம் இரண்டு வேலைகள் எதிர்பார்க்கப்படுகின்றன. ஒன்று, உடலின் உள்ளே இருப்பதைக் கண்ணுக்கோ கருவிக்கோ தெரியும்படி காட்டுவது. மற்றொன்று, மருந்தைச் சுமந்து சென்று தேவையான இடத்தில் இறக்குவது. ஆய்விதழ்களைப் புரட்டினால், எந்தத் துகள் அதிகம் ஒளிர்கிறது, எது அதிக மருந்தைச் சுமக்கிறது என்ற போட்டியே கண்ணில் படும். ஆனால் மருத்துவமனையின் வாசலில் கேட்கப்படும் முதல் கேள்வி வேறு: வேலை முடிந்த பிறகு அந்தத் துகள் எங்கே போகிறது? இக்கட்டுரை ஒவ்வொரு துகளையும் அந்தக் கேள்வியோடு சேர்த்தே பார்க்கிறது.

கார்பனின் தகுதியும் சிக்கலும்

கார்பன் அணு தன்னைப் போன்ற பிற கார்பன் அணுக்களோடு பல விதமாகப் பிணைந்துகொள்ளும். ஓர் அணு நான்கு அணுக்களோடு நான்கு திசையில் பிணைந்தால் வைரம்; மூன்று அணுக்களோடு ஒரே தளத்தில் பிணைந்தால் கிராஃபைட் அடுக்கு. அந்த அடுக்கில் ஒன்றை மட்டும் உரித்தெடுத்தால் கிராஃபீன், அதையே சுருட்டியது போன்ற அமைப்பு நானோகுழாய், பந்தாக மூடியது போன்றது ஃபுல்லரீன். ஒரே தனிமம் இத்தனை வடிவம் எடுப்பதால் ஒளியியல், மின், காந்தப் பண்புகளைத் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ள முடிகிறது. மேற்பரப்பில் கார்பாக்சில், அமினோ போன்ற தொகுதிகளை ஒட்டவைத்தால் அவற்றின் வழியாக மருந்தையோ, எதிர்ப்பொருளையோ, நீரில் கலக்க உதவும் பாலிமரையோ இணைக்கலாம்.

கார்பன் உடலுக்குப் பழகிய தனிமம், ஆகவே பாதுகாப்பானது என்று பல அறிமுகக் கட்டுரைகள் சொல்லும். இது பாதி உண்மை. நம் உடலில் கார்பன் இருப்பது புரதம், கொழுப்பு, சர்க்கரை போன்ற சேர்மங்களாக. அவற்றை வெட்டி எரிக்க நொதிகள் உண்டு. தூய கார்பனை வெட்ட அப்படிப்பட்ட ஏற்பாடு உடலில் அரிது. இதற்கு ஆய்வகம் தேவையில்லை; கரியைக் கொண்டு பச்சை குத்திக்கொண்ட பாட்டியின் கையைப் பார்த்தாலே போதும், ஐம்பது ஆண்டு கழித்தும் கோலம் அங்கேயே இருக்கும். தோலில் உள்ள பெருவிழுங்கு செல்கள் அந்த நிறத்துகளை விழுங்குகின்றன, செரிக்க முடியாமல் வைத்திருக்கின்றன. அந்தச் செல் இறந்தால் வெளியே வரும் துகளை அடுத்த செல் விழுங்கிக்கொள்கிறது என்பதை 2018இல் எலிகளில் நடந்த ஓர் ஆய்வு காட்டியது. பச்சை குத்தியவர்களின் அருகிலுள்ள நிணநீர் முடிச்சுகளிலும் அதே நிறத்துகள் காணப்படுவது மருத்துவர்களுக்குப் பழக்கமான செய்தி.

ஆக, கார்பனின் நிலைத்தன்மை என்பது இருபுறமும் கூருள்ள கத்தி. சிதையாமல் இருப்பதால்தான் அது நம்பகமான சுமைதாங்கி. அதனாலேயே அதை வெளியேற்றுவதும் கடினம்.

உடலின் சல்லடைகள்

இரத்தத்தில் செலுத்தப்படும் ஒரு துகளின் தலைவிதியைப் பெரும்பாலும் அதன் அளவே எழுதுகிறது. ஏறத்தாழ 5.5 நானோமீட்டருக்குக் குறைவான துகள்கள் சிறுநீரகத்தின் வடிகட்டியைக் கடந்து சிறுநீரில் வெளியேறுகின்றன. இந்த எல்லை 2007இல் குவாண்டம் புள்ளிகளைக் கொண்டு எலிகளில் அளந்து கண்டறியப்பட்டது. அதைவிடப் பெரியவற்றை முக்கியமாகக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்துக்கொள்ளும். கல்லீரலில் இருக்கும் பெருவிழுங்கு செல்களின் வேலையே இரத்தத்தில் மிதக்கும் அந்நியத் துகள்களைப் பொறுக்குவதுதான்.

துகள் இரத்தத்தில் இறங்கிய சிறிது நேரத்திலேயே பல்வேறு புரதங்கள் அதன்மீது படிந்து ஒரு போர்வை போல மூடிக்கொள்ளும். உடல் பின்னர் அடையாளம் காண்பது இந்தப் போர்வையைத்தான், நாம் பார்த்துப் பார்த்து வடிவமைத்த மேற்பரப்பை அல்ல. இதைக் குறைக்கவே பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற நீர்விரும்பிப் பாலிமரைத் துகள்மீது பூசுகிறார்கள். பூசிய துகள் நெடுநேரம் இரத்தத்தில் சுற்றும். என்றாலும் பெரிய துகளாக இருந்தால் கடைசியில் கல்லீரலுக்கே போய்ச் சேரும்.

இரத்தத்துக்குள் போகாத வழிகளும் உண்டு. மூச்சுக்குழாய் வழியாக நுரையீரலுக்கு, திசுவில் ஊசியால் குத்தி நிணநீர் நாளத்துக்கு, பல்லுக்குள் நேரடியாக என்று பலவகை. கார்பன் துகள்கள் மருத்துவத்தில் உண்மையாகவே காலூன்றிய இடங்கள் இந்தப் பக்கவழிகளில்தான் இருக்கின்றன.

நானோ என்ற சொல் பரவும் முன்பே

1984இல் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் பில் பர்ச் என்பவர் நுரையீரலைப் படமெடுக்க ஒரு புதிய முறையைக் கண்டறிந்தார். டெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்க ஐசோடோப்பின் கரைசலைச் சிறிய கிராஃபைட் கிண்ணத்தில் ஊற்றி உலர்த்தி, ஆர்கான் வளிமம் சூழ, 2,500 டிகிரி செல்சியசுக்கும் மேலான வெப்பத்துக்குச் சில நொடிகள் சூடேற்றுவார்கள். கிராஃபைட்டிலிருந்து ஆவியாகும் கார்பன், டெக்னீசியத்தைச் சுற்றி மிக மெல்லிய உறையாக மூடிக்கொள்கிறது. இவ்வாறு உண்டாகும் துகள்கள் ஆர்கானில் புகை போல மிதக்கும். நோயாளி அதைச் சில மூச்சுகள் இழுத்தால் போதும். இதன் பெயர் டெக்னிகேஸ்.

பெயரில் வளிமம் இருந்தாலும் இது வளிமம் அல்ல, கார்பன் நானோதுகள்களின் தொங்கல். ஆனால் துகள்கள் அவ்வளவு நுண்மையானவை என்பதால் வளிமத்தைப் போலவே நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை சென்று, அங்கேயே ஒட்டிக்கொள்ளும். உண்மையான வளிமம் என்றால் அடுத்த மூச்சிலேயே வெளியேறிவிடும். ஒட்டிக்கொள்வதால் காமா கருவியை நோயாளியைச் சுற்றி நிதானமாகச் சுழற்றி முப்பரிமாணப் படம் எடுக்க முடிகிறது.

இதன் முக்கியப் பயன் நுரையீரல் தமனி அடைப்பைக் கண்டறிவது. காலின் ஆழ்சிரையில் உருவாகும் இரத்த உறைகட்டி பிய்ந்து, இதயத்தின் வழியாக நுரையீரல் தமனிக்குப் போய் அடைத்துக்கொண்டால் சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகலாம். நுரையீரலில் காற்று எங்கெல்லாம் போகிறது என்பதற்கு ஒரு படம், இரத்தம் எங்கெல்லாம் போகிறது என்பதற்கு இன்னொரு படம் எடுத்து இரண்டையும் ஒப்பிடுவார்கள். காற்று போகிறது, இரத்தம் போகவில்லை என்ற பகுதி தெரிந்தால் அங்கே அடைப்பு என்று பொருள். அயோடின் கலந்த சாயத்தைத் தாங்க முடியாத சிறுநீரக நோயாளிகளுக்கு இந்த முறை சி.டி. படத்துக்கு நல்ல மாற்று.

எங்கே போகிறது என்ற கேள்விக்கு இங்கே கிடைக்கும் விடை எளியது. துகள் நுரையீரலிலேயே தங்கும், ஆனால் உள்ளே போகும் கார்பனின் எடை மிக மிகக் குறைவு. டெக்னீசியத்தின் அரை ஆயுள் 6 மணி நேரம். மறுநாளுக்குள் அதன் கதிரியக்கம் பெரும்பாலும் ஓய்ந்துவிடும். பல பத்தாண்டுகளாகப் பல நாடுகளில் புழங்கிய பிறகும் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இதற்கு ஒப்புதல் அளித்தது 2023இல்தான்.

அறுவை மேசையில் ஒரு கறுப்பு மை

இரண்டாவது எடுத்துக்காட்டு சீனாவிலிருந்து. அங்கே தைராய்டு புற்றுநோய் அறுவையில் கார்பன் நானோதுகள் தொங்கல் என்ற ஊசிமருந்து பரவலாகப் பயன்படுகிறது. பார்க்க வெறும் கறுப்பு மை. துகள்களின் சராசரி அளவு 150 நானோமீட்டர். கறாராகப் பார்த்தால் நானோ வரையறையைச் சற்றுத் தாண்டியது. அந்த அளவு தற்செயலானதன்று. இரத்த நுண்நாளங்களின் சுவர் இடைவெளி ஏறத்தாழ 20 முதல் 50 நானோமீட்டர் மட்டுமே. நிணநீர் நுண்நாளங்களின் இடைவெளியோ 120 முதல் 500 நானோமீட்டர் வரை. ஆகவே தைராய்டுத் திசுவில் குத்தப்பட்ட துகள் இரத்தத்துக்குள் நுழைய முடியாமல் நிணநீருக்குள் மட்டும் நுழைந்து, சில நிமிடங்களில் அருகிலுள்ள நிணநீர் முடிச்சுகளைக் கறுப்பாக்கிவிடும். புற்றுச் செல்கள் முதலில் பரவுவது அந்த முடிச்சுகளுக்குத்தான் என்பதால் மருத்துவருக்கு அவற்றைத் தேடி எடுப்பது எளிதாகிறது.

இதைவிடச் சுவையான பயன் இன்னொன்று. தைராய்டின் பின்புறம் பொதுவாக நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றும் அரிசி மணி அளவுதான். கொழுப்போடும் நிணநீர் முடிச்சோடும் சேர்த்துப் பார்த்தால் வேறுபாடு தெரியாது. தவறுதலாக அவற்றை எடுத்துவிட்டால் இரத்தத்தில் கால்சியம் சரிந்து, கைகால் மரத்து, தசைகள் இழுத்துக்கொள்ளும். சிலர் வாழ்நாள் முழுதும் கால்சியம் மாத்திரை விழுங்க நேரும். கார்பன் மை தைராய்டையும் நிணநீர் முடிச்சுகளையும் கறுப்பாக்குகிறது, பாராதைராய்டை விட்டுவிடுகிறது. கறுப்புப் பரப்பில் நிறம் மாறாமல் நிற்பதே காப்பாற்ற வேண்டிய சுரப்பி. ஒன்றைக் காட்டாமல் விடுவதன் மூலமே அதைக் காட்டும் இந்த உத்தி, மிகுந்த செலவில் உருவாகும் பல ஒளிரும் துகள்களைவிடப் புத்திசாலித்தனமானது என்றே சொல்ல வேண்டும். குறையும் உண்டு: ஊசி சற்றுத் தவறி மை கசிந்தால் அறுவைக் களமே கறுத்துவிடும்.

இங்கும் வெளியேற்றம் பெரிய சிக்கலாகவில்லை. கறுத்த முடிச்சுகளில் பெரும்பாலானவை அறுவையிலேயே உடலைவிட்டு வெளியேறிவிடுகின்றன.

கார்பன் புள்ளிகள்

இன்றைய ஆய்வில் மிகுந்த கவனம் பெறுவது கார்பன் புள்ளிகள். இவற்றின் கண்டுபிடிப்பு எதிர்பாராதது. 2004இல் தென் கரோலினா பல்கலைக்கழகத்தில் மின்வில் முறையில் செய்த நானோகுழாய்ப் புகைக்கரியைச் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது, மின்புலத்தில் பிரிந்த கழிவுப் பட்டைகள் ஒளிர்வதைக் கண்டார்கள். குழாயைத் தேடியவர்களுக்குக் குப்பையில் விளக்கு கிடைத்தது. 2006இல் கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் யா-பிங் சன் குழுவினர் இத்துகள்களின் மேற்பரப்பில் பாலிமரை இணைத்து ஒளிர்வை வெகுவாகக் கூட்டினர். கார்பன் புள்ளி என்ற பெயரும் நிலைத்தது. 2009இல் அதே குழு எலிகளின் உடலில் இவற்றைச் செலுத்திப் படமெடுத்துக் காட்டியது.

பொதுவாக 10 நானோமீட்டருக்கும் குறைவான இத்துகள்கள்மீது புற ஊதா அல்லது நீல ஒளியைப் பாய்ச்சினால் வேறு நிறத்தில் ஒளிரும். பாய்ச்சும் ஒளியின் நிறத்தை மாற்றினால் பல துகள்களில் வெளிவரும் நிறமும் மாறும். முன்பு இவ்வேலைக்குப் பயன்பட்ட காட்மியம் குவாண்டம் புள்ளிகள் அற்புதமாக ஒளிரும். குவாண்டம் புள்ளிகளுக்காகவே 2023ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஆனால் காட்மியம் நச்சு உலோகம். மனித உடலுக்குள் அதைச் செலுத்தத் துணிவது கடினம். அந்த இடத்தைக் கார்பன் புள்ளி பிடிக்கும் என்பது எதிர்பார்ப்பு.

செய்முறையும் எளிது. 2007இல் மெழுகுவத்திப் புகைக்கரியை நைட்ரிக் அமிலத்தில் கொதிக்கவைத்துப் பல நிறங்களில் ஒளிரும் துகள்களைப் பிரித்தெடுத்தார்கள். 2012இல் ரூர்கேலா தேசியத் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்தோர் ஆரஞ்சுச் சாற்றை மூடிய கலத்தில் 120 டிகிரியில் சூடேற்றியே கார்பன் புள்ளிகளைச் செய்தனர். அதே ஆண்டு குவாஹாட்டி ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் ரொட்டி, வெல்லம், பிஸ்கட் போன்றவற்றிலேயே ஒளிரும் கார்பன் நானோதுகள்கள் இருப்பதைக் காட்டினர். சர்க்கரையைச் சூடேற்றும் எந்த அடுப்பிலும் இவை உருவாகலாம் என்று இதற்குப் பொருள். நாம் தின்று வருகிறோம் என்பதால் இரத்தத்தில் ஊசியாகச் செலுத்துவதும் பாதுகாப்பு என்று முடிவுகட்டக் கூடாது. குடலும் சிரையும் ஒரே வாசல் அல்ல.

இந்த எளிமையில் ஒரு பொறியும் இருக்கிறது. 2013இல் சீனாவின் ஜிலின் பல்கலைக்கழகத்தில் பாய் யாங் குழுவினர் சிட்ரிக் அமிலத்தையும் எத்திலீன்டைஅமீனையும் சேர்த்துச் சூடேற்றி, உள்வாங்கிய ஒளித்துகள்களில் ஏறத்தாழ 80 விழுக்காட்டைத் திருப்பித் தரும் கார்பன் புள்ளிகளை அறிவித்தனர். 2015இல் அதே குழு தம் பொருளைக் கூர்ந்து பிரித்துப் பார்த்தபோது, அந்த நீல ஒளியின் பெரும்பங்கு கார்பன் துகளிலிருந்து அல்ல, வினையில் உடனுண்டாகும் ஒரு சிறிய கரிம மூலக்கூறிலிருந்து வருவதைக் கண்டது. தம் பொருளையே மறுபடி ஐயுற்று ஆராய்ந்த அந்த நேர்மை பாராட்டத்தக்கது. இப்பொருளில் திட்ட ஆய்வு செய்யும் மாணவர்கள், சவ்வுப் பிரிப்பு மூலம் சிறு மூலக்கூறுகளை நீக்காமல் ஒளிர்வை அளந்தால் துகளை அளக்கவில்லை, கழிவை அளக்கிறார்கள் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

வேறொரு தடையும் உண்டு. பெரும்பாலான கார்பன் புள்ளிகள் நீலத்திலும் பச்சையிலும்தான் நன்றாக ஒளிர்கின்றன. அந்த ஒளி தோலையும் இரத்தத்தையும் தாண்டாது. கண்ணாடித் தட்டில் வளரும் செல்லைப் படமெடுக்க அது போதும். கல்லீரலுக்குள் இருக்கும் கட்டியைக் காட்டப் போதாது. ஆகவே சிவப்பிலும் அண்மை அகச்சிவப்பிலும் ஒளிரும் புள்ளிகளைச் செய்வதே இத்துறையின் உழைப்பாக இருக்கிறது. வெளியேற்றத்தைப் பொறுத்தவரை இக்குடும்பத்தில் இவற்றுக்கே நல்ல வாய்ப்பு: 5 நானோமீட்டருக்குக் குறைவாகச் செய்துவிட்டால் சிறுநீரகம் பார்த்துக்கொள்ளும்.

பெயரொற்றுமையால் ஏற்படும் ஒரு குழப்பத்தையும் இங்கே தீர்த்துவிடலாம். மனிதரிடம் சோதிக்கப்பட்ட கார்னெல் புள்ளிகள் ஆங்கிலத்தில் இவற்றைப் போலவே சுருக்கப் பெயரால் அழைக்கப்படுகின்றன. அவை சிலிக்காவால் ஆனவை, கார்பன் அல்ல.

குழாய்களும் தகடுகளும்

கார்பன் நானோகுழாய்களை 1991இல் ஜப்பானின் சுமியோ ஈஜிமா தெளிவாக விவரித்த பிறகு அவற்றின்மீது பெரும் ஆர்வம் எழுந்தது. ஒற்றைச் சுவர்க் குழாய் ஒன்றின் விட்டம் 1 அல்லது 2 நானோமீட்டர். நீளமோ அதைப் போல நூறு, ஆயிரம் மடங்கு. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ஹாங்ஜியே டாய் குழுவினர் இவற்றை மருத்துவத்துக்குக் கொண்டுவர நெடுங்காலம் உழைத்தனர். ஒற்றைச் சுவர்க் குழாய்கள் 1,000 நானோமீட்டருக்கு மேற்பட்ட அகச்சிவப்பில் ஒளிர்பவை. திசுவில் அந்த ஒளி குறைவாகவே சிதறும். 2014இல் எலியின் மண்டையோட்டைத் திறக்காமலேயே மூளையின் இரத்த நாளங்களை 2 மில்லிமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் வரை இவர்கள் படமெடுத்தார்கள்.

மருந்து சுமப்பதிலும் குழாய்கள் திறமையானவை. டாக்சோரூபிசின் போன்ற பல புற்றுமருந்துகளின் மூலக்கூறில் தட்டையான வளையங்கள் உள்ளன. கார்பன் அறுகோணங்களும் தட்டையானவை. இரண்டும் அடுக்கிய தட்டுகள் போல ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கொள்ளும், வேதிப்பிணைப்பு தேவையில்லை. அமிலத்தன்மை கூடினால் டாக்சோரூபிசின் மின்னேற்றம் பெற்று நீரை நாடிப் பிரிந்துவிடும். இரத்தத்தின் பி.எச். அளவு 7.4, செல்லுக்குள் துகள் போய்ச் சேரும் லைசோசோமில் 5க்கு அருகில். ஆகவே மருந்து வழியில் சிந்தாமல் செல்லுக்குள் போய் இறங்குகிறது. 2008இல் அதே குழு, நீரில் சற்றும் கரையாத எஸ்.என்-38 என்ற புற்றுமருந்தைப் பாலிமர் பூசிய கிராஃபீன் ஆக்சைடுத் தகடுகளில் ஏற்றி நீரில் கலக்கச் செய்தது. கிராஃபீனில் தகட்டின் இரு முகமும் சுமைக்குப் பயன்படும்.

பிறகு என்ன தடை? வடிவம். 2008இல் எடின்பரோ ஆய்வாளர்கள் தலைமையில் நடந்த சோதனையில், நீளமான பலசுவர்க் குழாய்களை எலிகளின் வயிற்றறையில் செலுத்தியபோது கல்நார் இழைகள் உண்டாக்குவது போன்ற அழற்சி தோன்றியது. குட்டையான, சுருண்ட குழாய்கள் அப்படிச் செய்யவில்லை. காரணம் எளிமையானது: பெருவிழுங்கு செல்லைவிட இழை நீளமாக இருந்தால் செல் அதை முழுதும் விழுங்க முடியாமல் பாதியில் திணறி, அழற்சி வேதிப்பொருள்களை ஓயாமல் கொட்டும். கல்நார் பல ஆண்டுகள் கழித்து மீசோதீலியோமா என்ற புற்றை உண்டாக்குவதால் இந்த ஒற்றுமை பலரைத் திடுக்கிடவைத்தது. 2014இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, ஒரு குறிப்பிட்ட வகைப் பலசுவர்க் குழாயை மனிதருக்குப் புற்று உண்டாக்கும் வாய்ப்புள்ளது என்ற 2பி பிரிவில் சேர்த்தது. மற்ற வகைகளை வகைப்படுத்தச் சான்று போதாது என்றது.

மறுபக்கச் செய்தியும் உண்டு. 2010இல் வெளியான ஓர் ஆய்வு, நியூட்ரோபில் என்ற வெள்ளணுக்களில் இருக்கும் மைலோபெராக்சிடேஸ் நொதி ஒற்றைச் சுவர்க் குழாய்களை மெல்ல அரிக்க வல்லது என்று காட்டியது. அவ்வாறு அரிக்கப்பட்ட குழாய்கள் எலியின் நுரையீரலில் அழற்சியை உண்டாக்கவில்லை. தூய கார்பனை உடல் தொடவே முடியாது என்ற எண்ணத்தை இது தளர்த்தியது. இருந்தாலும், அரிக்கும் வேகம் குழாயின் நீளத்தையும் மேற்பரப்புக் குறைகளையும் பொறுத்தது. ஒவ்வொரு தொகுப்பிலும் நீளம் வேறுபடும் ஒரு பொருளுக்கு மருந்துத் தரக் கட்டுப்பாடு செய்வது எளிதன்று.

உலோகத்துக்கு ஒரு கூண்டு

ஃபுல்லரீன் 1985இல் குரோட்டோ, ஸ்மாலி, கர்ல் ஆகியோரால் கண்டறியப்பட்டு 1996இல் நோபல் பரிசு பெற்றது. 60 கார்பன் அணுக்களால் ஆன அந்தப் பந்தின் உள்ளே வெற்றிடம் உண்டு. சற்றுப் பெரிய கூண்டான சி82க்குள் காடோலினியம் அணு ஒன்றை அடைத்துவிடலாம்.

இதன் தேவை எம்.ஆர்.ஐ. படத்திலிருந்து வருகிறது. படம் தெளிய நோயாளிக்குக் காடோலினியச் சேர்மம் ஊசியாகப் போடப்படும். தனி காடோலினியம் அயனி நச்சு என்பதால் அது ஒரு கரிம மூலக்கூறின் பிடிக்குள் வைக்கப்படுகிறது. 2006இல் சிறுநீரகம் பழுதடைந்தோர் சிலரிடம் தோலும் உள்ளுறுப்புகளும் இறுகிப்போகும் கொடிய நோய்க்கும் இந்தச் சாயத்துக்கும் தொடர்பு இருப்பது தெரியவந்தது. வெளியேற நாளானால் பிடி நழுவிவிடுகிறது. கார்பன் கூண்டிலிருந்து உலோகம் நழுவ வழியில்லை. மேலும், வெளிப்புறம் ஹைட்ராக்சில் தொகுதிகளால் மூடிய இத்தகைய கூண்டு, வழக்கமான சாயத்தைப் போல ஏறத்தாழ 20 மடங்கு வலுவாக நீர் அணுக்களின் காந்தத் தளர்வைத் தூண்டுவது 2001இல் அளக்கப்பட்டது. குறைந்த அளவு மருந்தில் நல்ல படம் கிடைக்கும் என்பது இதன் பொருள். ஆனால் இத்துகள்கள் ஒன்றோடொன்று திரண்டு கல்லீரலில் தேங்குகின்றன. விளைச்சலும் மிகக் குறைவு.

ஃபுல்லரீன் நச்சு என்றொரு செய்தி 2004இல் பரவியது. அது கலந்த நீரில் வளர்ந்த மீன்களின் மூளையில் சேதம் காணப்பட்டது. ஃபுல்லரீனை நீரில் கலக்கப் பயன்படுத்திய டெட்ராஹைட்ரோஃபியூரான் கரைப்பானின் சிதைபொருள்களே இத்தகைய நச்சுத்தன்மைக்குக் காரணமாகலாம் என்று 2007இல் வரிக்குதிரை மீன்களில் செய்த ஆய்வு காட்டியது. துகளின் குற்றமா, உடன் வந்ததன் குற்றமா என்று பிரித்தறிவது இத்துறையில் ஓயாத வேலை.

நூற்றில் ஒன்றுகூட இல்லை

மருந்து சுமப்பதைப் பற்றிய கட்டுரைகளில் வரும் படங்களில் துகள்கள் வரிசையாகக் கட்டிக்குள் நுழையும். நடப்பு வேறு. புற்றுக்கட்டியின் இரத்த நாளங்கள் அவசரமாக வளர்வதால் ஓட்டை உடைசலாக இருக்கும், அதன் வழியே பெரிய மூலக்கூறுகள் கசிந்து உள்ளே தேங்கும் என்பதை 1986இல் ஜப்பானின் மாட்சுமுரா, மைடா இருவரும் காட்டினர். நானோ மருந்துத் துறையின் பெரும்பகுதி இந்த அடித்தளத்தின்மேல் எழுந்தது. 2016இல் டொரன்டோ பல்கலைக்கழகத்தின் வாரன் சான் குழுவினர் முந்தைய பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டபோது, செலுத்தப்பட்ட துகள்களில் கட்டியை அடைந்தது நடுவளவாக 0.7 விழுக்காடு மட்டுமே என்று தெரிந்தது. மீதி பெரும்பாலும் கல்லீரலிலும் மண்ணீரலிலும்.

கார்பனுக்கு மட்டும் உரிய குறையன்று இது. எல்லா வகை நானோதுகளுக்கும் பொது. ஆனால் விளைவு கார்பனுக்குக் கூடுதல் கடுமையானது. 1995இல் ஒப்புதல் பெற்ற டாக்சில் மருந்தில் டாக்சோரூபிசினைச் சுமப்பது கொழுப்புக் குமிழ். கட்டிக்குப் போகாத குமிழ்களைக் கல்லீரல் கொழுப்பாக உடைத்துவிடும். 2005இல் வந்த அப்ராக்சேனில் சுமைதாங்கி அல்புமின் என்ற புரதம், அதுவும் செரிக்கும். அதே வேலையைச் செய்ய வரும் கார்பன் துகளோ, வழிதவறிய 99 பங்கையும் கல்லீரலில் அப்படியே விட்டுவைக்கும். புற்றுநோய்க்கு மருந்து ஒருமுறை போடுவதில்லை. சுற்று சுற்றாகப் பல மாதம் போடுவது. சிறியதாகச் செய்து சிறுநீரில் வெளியேற்றலாம் என்றால், அவ்வளவு விரைவில் வெளியேறும் துகளுக்குக் கட்டியில் சேர நேரம் கிடைக்காது. கார்பன் நானோகுழாயோ கிராஃபீனோ சுமக்கும் புற்றுமருந்து எதுவும் இன்று மருந்துக்கடையில் இல்லாததற்குச் சோம்பேறித்தனம் காரணமல்ல, இந்த இழுபறிதான் காரணம்.

நானோ வைரம்

வெடிமருந்தை மூடிய அறைக்குள் வெடித்தால் அதிலிருக்கும் கார்பன் கடும் அழுத்தத்தில் 4 முதல் 5 நானோமீட்டர் அளவுள்ள வைரத் துணுக்குகளாக மாறுகிறது. சோவியத் நாட்டில் 1960களில் கண்டறியப்பட்டு நெடுங்காலம் இரகசியமாக இருந்த செய்முறை இது. வைரப் படிகத்தில் ஒரு கார்பனுக்குப் பதில் நைட்ரசனும் அதன் பக்கத்தில் ஒரு காலியிடமும் அமைந்தால் அந்தக் குறை சிவப்பாக ஒளிரும். சாயங்கள் வெளுப்பது போல இது வெளுப்பதில்லை; ஒரே செல்லை நாள் கணக்கில் பின்தொடர உதவுகிறது. இந்தக் குறை சுற்றுவெப்பத்தையும் உணரும் என்பதால், 2013இல் உயிருள்ள செல்லுக்குள் வெப்பமானியாகவும் இது பயன்பட்டது.

மருந்து சுமப்பதில் இதன் வலு வேறு வகையானது. சில புற்றுச் செல்கள் தமக்குள் வரும் மருந்தைப் புரதக் குழாய்கள் வழியே வெளியே இறைத்துவிடும். மருந்து பயனற்றுப்போக இது முக்கியக் காரணம். நானோ வைரத்தில் ஒட்டிய டாக்சோரூபிசினை அவ்வளவு எளிதில் இறைக்க முடியாது. 2011இல் டீன் ஹோ குழுவினர் எலிகளில் மருந்துக்கு மசியாத கல்லீரல், மார்பகக் கட்டிகள் இதனால் சுருங்குவதைக் காட்டினர்.

அதே டீன் ஹோ, கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் பல் மருத்துவர்களோடு சேர்ந்து நானோ வைரத்தை மனிதரிடம் கொண்டுசென்றது புற்றுநோய்க்காக அல்ல, வேர்க்குழாய் சிகிச்சைக்காக. சொத்தை ஆழமாகி நரம்பு வரை போன பல்லைச் சுத்தம் செய்தபின், காலியான வேர்க்குழாயைக் கட்டா பெர்ச்சா என்ற மரப்பால் பொருளால் அடைப்பார்கள். அது மென்மையானது, அடைக்கும்போது வளைந்து இடைவெளி விட்டால் கிருமி மறுபடி குடியேறும். நானோ வைரம் கலந்தால் அது உறுதியாகிறது, இடைவெளி குறைகிறது. 2017இல் வெளியான முதல் மருத்துவ ஆய்வில் சில நோயாளிகளுக்கு இவ்வாறு அடைத்து, பல மாதம் கண்காணித்தும் தொற்று திரும்பவில்லை. அடைக்கப்பட்ட வேர்க்குழாயில் இரத்த ஓட்டம் கிடையாது. உள்ளே போன வைரம் அங்கேயே இருக்க வேண்டும் என்பதுதான் சிகிச்சையின் நோக்கமும்.